முகாமும் ஊரும் சேர்ந்து தொழில் தொடங்க: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் புதிதாக உதவ வருபவர்களுக்கு

இலங்கைத் தமிழர் முகாமில் நாலு குடும்பத்துக்காவது சொந்தத் தொழில் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் உண்டு. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் பார்க்கும் பேராசிரியர், தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் என்று பலர். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: பத்து தையல் மெஷின் வாங்கிக் கொடுப்பார்கள், பயிற்சி வைப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மெஷின்கள் மூலையில் மூடிக் கிடக்கும். அந்தப் பெண்களுக்குத் தைக்கத் தெரியும். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க இடம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் சந்தையிலிருந்து தொடங்குங்கள், பயிற்சியை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று, முகாமுக்கென்று மட்டும் எதையும் தொடங்காதீர்கள். பக்கத்து ஊரையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யும் வழிமுறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே பல முகாம்கள் அணைகளை ஒட்டியே இருக்கின்றன: ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு, பென்னாகரம் வழியில் நாகாவதி, காரிமங்கலத்தை ஒட்டித் தும்பலஹள்ளி. அணைப் பக்கம் என்றால் டவுன் தூரம், பஸ் குறைவு. சுற்றிலும் இருப்பது மானாவாரி நிலத்தை நம்பிய ஊர்கள். மழை பொய்த்த வருடம் ஊர்க்காரர்களும் பெங்களூருக்கும் ஓசூருக்கும்தான் வேலை தேடிப் போகிறார்கள்.

இலங்கையிலிருந்து மக்கள் தமிழ்நாட்டுக்கு வரத் தொடங்கியது 1983 கலவரத்துக்குப் பிறகு. இன்று முகாமில் இருக்கும் இளைஞர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள், கடல் தாண்டிய ஊரை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள். முகாம் ஆண்களுக்குப் பரவலாகத் தெரிந்த வேலை பெயிண்ட் அடிப்பது. பெண்கள் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாத உதவித்தொகை தருகிறது. 2021இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. இந்தத் தொகையை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அது மாதா மாதம் தவறாமல் வருவதால், கடனைத் திருப்பிக் கட்டும் தவணையைத் திட்டமிடும்போது ஒரு பிடிமானமாக இருக்கும்.

ஊர்க்காரர்கள் பேசுவதையும் காதில் வாங்குங்கள். "அவங்களுக்காச்சும் மாசா மாசம் பணம் வருது, எங்களுக்கு யாரு தர்றாங்க?" என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை. இரண்டு ஏக்கர் கேழ்வரகு காய்ந்து நிற்கிற மனிதர் அவர். முகாமுக்கு மட்டும் வண்டி வண்டியாகப் பொருள் இறங்கினால் அவருக்கு மனம் கசக்கும், அந்தக் கசப்பு நாளைக்கு முகாம் பெண் போடும் கடையின் வியாபாரத்தில் வந்து விழும். ஆப்பிரிக்காவில் மிக அதிக அகதிகளை வைத்திருக்கும் உகாண்டா, அகதிகளுக்காக வரும் உதவியில் 30 சதவீதம் சுற்றியுள்ள உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. நம்முடைய வேலை அதைவிடச் சின்னது. அதனால் பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

யாரைப் பார்த்துவிட்டு உள்ளே போவது

முகாமுக்குள் நினைத்தபோது போய் வர முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மறுவாழ்வுப் பிரிவைப் பார்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மனுவில் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றே எழுதுங்கள், 2021இலிருந்து அதுதான் அரசுப் பெயர். என்ன தொழில், எத்தனை பேர், பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிடுங்கள். முகாம்களைக் கண்காணிக்கும் உளவுப் பிரிவான கியூ பிரிவு போலீசாரும் விசாரிப்பார்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் முகாம் தலைவரைப் பாருங்கள். அதே வாரத்தில் ஊராட்சித் தலைவரையும் ஊர் மகளிர் குழுக் கூட்டமைப்பையும் பாருங்கள். முகாமில் மூன்று மாதம் வேலை செய்துவிட்டு அதன் பிறகு ஊருக்குப் போனால், "இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா?" என்பார்கள். அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகும்.

சட்டம் எதற்கு இடம் கொடுக்கிறது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. முகாமில் இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்கள். 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்து தங்கியுள்ள இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. பெரிய நிம்மதி. ஆனால் குடியுரிமை அதில் இல்லை. வீட்டுக்கு வீடு நிலைமை மாறும் என்பதால், இரண்டு விஷயங்களைத் தனியாக விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். முகாமில் அப்படி ஓரிருவர் இருக்கலாம், அவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூரில் திருமணம் செய்த குடும்பங்களில் கணவனோ மனைவியோ குடிமகனாக இருப்பார். அந்தக் குடும்பங்களுக்குக் கூடுதல் கதவுகள் திறக்கும்.

நிலம் வாங்கும் பேச்சே வேண்டாம். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே அசையாச் சொத்து வாங்க முடியாது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு மிகாத குத்தகைக்கு அதே விதி இடம் கொடுக்கிறது. அதனால் கடையோ கொட்டகையோ வாடகைக்கு எடுக்கலாம், வழக்கமான 11 மாத ஒப்பந்தம் போதும். முகாம் ஆளின் பணத்தில் ஊர்க்காரர் பெயரில் இடம் வாங்கி வைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிரச்சினை வந்தால் கோர்ட்டில் நின்று கேட்க முகாம் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

முத்ரா போன்ற தனிநபர் கடன்கள் இந்தியக் குடிமக்களுக்கானவை. முகாம் ஆளை வங்கி வங்கியாக அலைய விட்டுத் தலைகுனிய வைக்காதீர்கள். அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி சுய உதவிக் குழு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முகாமில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும். அன்று குடும்பத்தில் எல்லோரும் இருந்தாக வேண்டும். ஆர்டர் கொடுக்கும் நாளும் கணக்கெடுப்பு நாளும் மோதாமல் இருக்க, முகாம் அலுவலகத்தில் கேட்டு நாட்காட்டியில் முதலிலேயே சுழித்து வைத்துவிடுங்கள். வெளியூர் போய் இரவு தங்க வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

சந்தைக்குப் போங்கள், பை இல்லாமல்

எந்தத் தொழில் என்று முடிவு செய்வதற்கு முன் முகாமிலிருந்து இரண்டு பெண்கள், ஊரிலிருந்து இரண்டு பெண்கள், நீங்கள் என்று ஐந்து பேராகச் சந்தைக்குப் போங்கள். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. நல்லம்பள்ளி செவ்வாய்க்கிழமை. எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டாம், பார்க்க மட்டும் போங்கள்.

போச்சம்பள்ளியில் காலை வேளையில் மசாலாச் சாமான் கடைக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மிளகாயும் மல்லியும் வாங்கும் பெண்கள் கையில் எடுத்து முறித்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சிலர் மட்டும் அரைத்த தூள் கேட்கிறார்கள். அவர்கள் யார்? கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், அரைக்க நேரமில்லாதவர்கள். 50 கிராம் பொட்டலமா, 200 கிராமா? எவ்வளவு சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்? கடைக்காரர் நிறுத்துப் போடும்போது அவர்கள் பார்வை தராசில் இருக்கிறதா, தூளின் நிறத்தில் இருக்கிறதா? இதையெல்லாம் உடன் வந்த பெண்களே பார்த்து, திரும்பி வரும் பஸ்ஸில் அவர்களே சொல்ல வேண்டும். நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். உங்களை விட அவர்களுக்குத்தான் சமையலறை தெரியும், யார் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

சந்தையில் சுங்கம் வசூலிப்பவரிடமும் பேசுங்கள். ஏலம் எடுத்தவரின் ஆள் அவர். தரையில் துணி விரித்து உட்கார எவ்வளவு, தட்டுவண்டிக்கு எவ்வளவு, எந்த இடம் காலியாக இருக்கும் என்று சொல்வார். பல வருடமாக ஒரே இடத்தில் உட்காரும் வியாபாரியின் இடத்தில் தெரியாமல் போய் உட்கார்ந்தால் முதல் நாளே சண்டை வரும். ஊர்ப் பெண் கூட இருந்தால் அந்தச் சண்டை வராது, அல்லது வந்தவுடன் முடியும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் கன்னடமும் தெலுங்கும் வேண்டும். அங்கே ஊர்ப் பங்காளியின் வாய்தான் முதலீடு.

இந்த மண்ணில் எது ஓடும்

இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றைக் கொண்டுவரும் தொழிலைத் தேடுங்கள். முகாமில் கைப்பக்குவமும் நேரமும் இருக்கிறது. ஊரில் நிலம், விளைபொருள், தெரிந்த முகங்கள், வங்கிக்குக் காட்ட ஆவணம் இருக்கிறது.

வறுத்து அரைக்கும் மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நிறம் மாற வறுத்து அரைப்பது ஈழத்துக் கை. நம் பக்கத்து மிளகாய்ப் பொடியிலிருந்து வாசனையே வேறு. கோழிக் குழம்புக்கும் மீன் குழம்புக்கும் ஒருமுறை வாங்கினால் மறுபடி கேட்பார்கள்.

மாங்காய் இன்னொன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் தோத்தாபுரி, நம் வாயில் 'பெங்களூரா', விலை விழுந்த வருடங்களில் பறிகூலிக்கே கட்டாமல் போகிறது. தோப்புக்காரருக்கு அது நஷ்டம். வற்றலும் ஊறுகாயும் இலங்கைப் பக்குவத்தில் அச்சாறும் போடத் தெரிந்தவர்களுக்கு அது மூலப்பொருள். ஆனால் மே முதல் ஜூலை வரைதான் காய் கிடைக்கும், அதற்கு முன் ஜாடியும் உப்பும் இடமும் தயாராக இருக்க வேண்டும். வற்றல், ஊறுகாயைக் கெடாமல் வைக்கும் முறையை பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேளுங்கள்.

புளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் ஊரெங்கும் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். கூலிக்குத் தட்டுவதை விட்டு, குழுவாகப் புளியை வாங்கி, தட்டி, பொட்டலம் போட்டு வைத்து ஆடிக்குப் பிறகு விற்றால் கூடுதல் காசு நிற்கும். ஆனால் அத்தனை மாதம் போட்ட முதல் முடங்கும். கையில் காசு இல்லாத குழு முதல் வருடமே இதில் இறங்க வேண்டாம்.

ஆடு வளர்ப்பில் நம் ஊரில் ஏற்கெனவே வழக்கம் இருக்கிறது: ஒருவர் ஆடு வாங்கிக் கொடுக்க, இன்னொருவர் வாரம் என்ற பங்கு முறையில் வளர்ப்பார், குட்டியில் பாதிக்குப் பாதி. முகாம் வீட்டில் பட்டி போட இடம் இருக்காது, மேய்ச்சல் நிலமும் ஊர்க்காரர்களுடையது. அதனால் ஆட்டுக்கு முகாம் குழு முதல் போட்டு, ஊர்க் குடும்பம் வளர்க்கலாம். இல்லையென்றால் தலைகீழாக, ஊர்க்காரர் ஆட்டை இடம் கிடைக்கும் முகாம் குடும்பம் வளர்க்கலாம். எதுவானாலும் வாரத்தைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள், செத்துப்போகும் ஆட்டின் நஷ்டம் யாருக்கு என்பதையும் சேர்த்து.

தையல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பர்கூர் மொத்த ஜவுளிக் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கடைக்காரரிடம் முதலில் ஆர்டர் பேசுங்கள், உள்பாவாடை, நைட்டி, பாவாடை எதுவாக இருந்தாலும் சரி, ஒரு டஜனுக்குத் தையல் கூலி எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகு மெஷின் வாங்கலாம்.

எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது, என் மனதுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். முகாம் ஆண்கள் கையில் ஏற்கெனவே தொழில் இருக்கிறது. பெயிண்ட் வேலையில் இருபது வருடம் பழகியவர், மேஸ்திரி கொடுக்கும் நாள் கூலியை வாங்கிக்கொண்டு வருகிறார். அவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. சுவரை அளந்து சதுர அடிக் கணக்குப் போடவும், பட்டி, பிரைமர், இரண்டு கோட்டுக்கு எவ்வளவு சரக்கு என்று மதிப்பீடு எழுதவும், முன்பணம் கேட்டு வாங்கவும் தெரிந்தால் அவரே சின்ன ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவார். ஏணி, சாரம், தேய்க்கும் மெஷினைக் குழுவாக வாங்கி வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வேலை பிடித்துத் தர ஊர்க் கொத்தனார் ஒருவர் பங்காளியாக இருந்தால் ஓசூர் பக்கம் வேலைக்குப் பஞ்சமே இல்லை. தையல் மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்று உதவி செய்பவர்களிடம் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

தூளையே எடுத்துக்கொள்வோம். விலைகள் மாதிரிக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மிளகாய் 4 கிலோ, கிலோ 220 என்றால் 880 ரூபாய். மல்லி 4 கிலோ, 130 வீதம் 520. மற்றச் சாமான் எல்லாம் சேர்த்து 2 கிலோ, 700. ஆக 10 கிலோவுக்கு 2,100. மில்லில் அரைக்க கிலோவுக்கு 15 வீதம் 150. கேஸ் 100. கவரும் லேபிளும் 3 ரூபாய் வீதம் 90 பொட்டலத்துக்கு 270. பஸ், சுங்கம் 130. மொத்தம் 2,750.

வறுக்கும்போது ஈரம் போகும், மில்லில் கொஞ்சம் ஒட்டும். 10 கிலோ போட்டால் 9 கிலோதான் கையில் வரும், அதாவது 100 கிராம் பொட்டலம் 90. ஒன்றை 35 ரூபாய்க்கு விற்றால் 3,150 வருகிறது. "நானூறு லாபம்!" என்று சந்தோஷப்படுவார்கள்.

அந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: வறுத்து, அரைத்து, பொட்டலம் போட்ட இரண்டு பேரின் ஒரு நாள் எங்கே? வயல் வேலைக்குப் போயிருந்தால் ஆளுக்கு 350 கிடைத்திருக்கும். அந்த 700ஐச் சேர்த்தால் செலவு 3,450. இப்போது 300 ரூபாய் நஷ்டம். 45 ரூபாய்க்கு விற்றால் 4,050 வரும், கூலி போக 600 நிற்கும். அதுவும் நேரடியாகச் சந்தையில் விற்றால்தான். கடையில் போட்டால் கடைக்காரர் 20 சதவீதம் எடுப்பார், 45இல் கைக்கு வருவது 36, மறுபடியும் நஷ்டம். கடைக்கு அனுப்புவதாக இருந்தால் விலை 50க்குக் குறையக் கூடாது, அதிலேயே 150 ரூபாய்தான் மிஞ்சும்.

50 ரூபாய்க்கு 100 கிராம் தூளை நம் சந்தையில் வாங்குவார்களா? வாங்கவில்லை என்றால் மல்லியையும் மிளகாயையும் பறிப்புக் காலத்தில் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு தொழில் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் பெண்களே தங்கள் கையால் போட வேண்டும். நீங்கள் லேப்டாப்பில் போட்டுக் காட்டினால் தலையாட்டுவார்களே தவிர அது அவர்கள் கணக்கு ஆகாது. 40 பக்க நோட்டும் பேனாவும் போதும். இந்தக் கணக்குப் போட்ட பிறகு தொழிலைக் கைவிடும் குழுவைக் குறை சொல்லாதீர்கள். முதல் போகாமல் தப்பிக்கிறார்கள்.

இந்தியன் வங்கியின் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறது, பயிற்சி இலவசம். கணக்குப் போட்டு முடித்த பிறகு, எது தெரியவில்லையோ அதற்கு மட்டும் அங்கே கேளுங்கள். முகாம் ஆட்களைச் சேர்க்க முடியுமா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், வாசல் வரை கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பும்படி ஆகக் கூடாது.

குழு: சேமிப்பு தனித்தனி, தொழில் சேர்ந்து

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறந்ததே இந்த மண்ணில்தான். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில். அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது, 2004இல் பிரிந்தது. அதனால் இங்கே எந்த ஊருக்குப் போனாலும் குழு நடத்திப் பழகிய, தீர்மானப் புத்தகம் எழுதத் தெரிந்த அக்கா ஒருவராவது இருப்பார். வெளியூர்ப் பயிற்சியாளரை அழைப்பதற்குப் பதில் அவரை முகாம் குழுவுக்கு வழிகாட்டியாக அழையுங்கள். அவருக்கு அது கௌரவம், முகாம் பெண்களுக்கு முதல் ஊர் சிநேகம்.

முகாம்களிலும் மகளிர் திட்டத்தின் கீழ்க் குழுக்கள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன் பழைய குழு ஏன் தூங்குகிறது என்று விசாரியுங்கள். வங்கி பார்ப்பது ஐந்தைத்தான்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடன், கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது, எழுதிய கணக்கு. ஆறு மாதம் இது நடந்தால் வங்கி இணைப்புக் கடன் கேட்கலாம். சுய உதவிக் குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேலாளர் புதியவராக இருந்தால் தயங்குவார். மகளிர் திட்ட அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

முகாமுக்கும் ஊருக்கும் ஒரே சேமிப்புக் குழு வேண்டாம் என்பது என் கருத்து. ஆவணம் வேறு, சட்ட நிலை வேறு. ஒருவரால் மற்றவர் கடன் தடைபட்டால் உறவே கெடும். சேமிப்பும் கடனும் தனித்தனிக் குழுவில் இருக்கட்டும். உற்பத்தியும் விற்பனையும் சேர்ந்து நடக்கட்டும். இரண்டு குழுவும் தலா எவ்வளவு முதல் போட்டது, யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்று பொது நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் முதலில் கூலி, அப்புறம் செலவு, மிஞ்சியதைப் பங்கு என்று பிரியுங்கள். சாவி முகாம் பெண்ணிடம் என்றால் பணப்பெட்டி ஊர்ப் பெண்ணிடம் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளட்டும்.

பதிவும் உரிமமும்

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம். சின்ன வியாபாரிகளுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் அளவில்தான் இருந்துவருகிறது, புரோக்கருக்கு ஆயிரம் கொடுக்காதீர்கள். பொட்டலத்தில் பெயர், சேர்மானம், எடை, விலை, தேதி, முகவரி, பதிவு எண் இருக்க வேண்டும். தராசை முத்திரை ஆய்வாளரிடம் கொண்டுபோய் முத்திரை வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சோதனைக்கு வந்தால் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, பெயிண்ட் ஒப்பந்தம் போன்ற சேவைக்கு 20 லட்சம். சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் உத்யம் பதிவு இலவசம். கூட்டுத் தொழிலின் பதிவுகளை ஊர்க் குழு உறுப்பினர் பெயரில் எடுத்தால், அவர் அதைக் கூட்டாகத்தான் வைத்திருக்கிறார் என்று இரண்டு குழுவும் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் ஆறு மாதம்

பணத்தை ஒரே தடவையில் இறக்காதீர்கள். முதல் மாதம் ஒரு சந்தைக்கு ஆகும் சரக்கு மட்டும். விற்று வந்த காசில் அடுத்த சரக்கு வாங்குகிறார்களா என்று பாருங்கள். வாங்கினால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

இந்த நேரத்தில்தான் மைக்ரோ பைனான்ஸ் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள், கையெழுத்துப் போட்டால் அன்றே பணம். ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது. அதை முகாமிலும் ஊரிலும் எல்லோருக்கும் சொல்லுங்கள். வாரத் தவணைக்காகத் தூள் தொழிலில் போட்ட பணத்தை எடுத்துக் கட்ட ஆரம்பித்தால் ஒன்றரை மாதத்தில் கடை காலி. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதமும் யாருக்காவது காய்ச்சல் வரும் வாரமும் ஆபத்தான காலம். சேமிப்புக் குழுவில் அவசரத்துக்கென்று சின்னத் தொகையைத் தனியாக வைத்தால் தொழில் முதல் தப்பிக்கும்.

மாதம் ஒருமுறை போய் நோட்டைப் பாருங்கள். அறிக்கை கேட்டு அவர்களை வாட்ட வேண்டாம். கணக்கு எழுதும் பெண் வராத நாளில் வேறு ஒருவருக்கு எழுதத் தெரிந்திருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரே ஒருவரை நம்பியிருக்கும் குழு அவருக்குக் கல்யாணம் ஆனால் நின்றுவிடும்.

ஒருவர் விலகினால்

இதை முதல் நாளே பேசுங்கள். கூச்சமாக இருந்தாலும் பேசுங்கள். முகாம் குடும்பங்களில் சில இலங்கைக்குத் திரும்பிப் போகின்றன, சில வேறு முகாமுக்கு மாற்றம் வாங்குகின்றன. ஊர்ப் பெண்ணும் கணவர் வேலைக்காகப் பெங்களூர் போய்விடலாம். போகும் நாளில் அவர் பங்கு என்ன ஆகும்?

தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இப்படி எழுதச் சொல்லுங்கள்: விலகுபவர் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அன்றைய சரக்கையும் ரொக்கத்தையும் எண்ணி, வெளியே வர வேண்டிய கடன் பாக்கியைத் தனியாக எழுதி, அவர் போட்ட முதலும் அதுவரை சேர்ந்த பங்கும் இரண்டு தவணையில் தரப்படும். பாக்கி வசூலாகும்போது அவர் பங்கு அவர் சொல்லும் வங்கிக் கணக்குக்குப் போகும். மெஷின், பாத்திரம் போன்றவை குழுவிலேயே இருக்கும், அவற்றின் விலையில் அவர் பங்கைத் தேய்மானம் கழித்துக் கொடுப்பார்கள். இலங்கைக்குப் போகிறவர் என்றால் கப்பல் அல்லது விமானத் தேதிக்கு முன்பே முழுத் தொகையையும் கையில் கொடுத்துவிட வேண்டும், போன பிறகு அனுப்புவது யாருக்கும் எளிதல்ல. இந்தப் பக்கத்தில் இரண்டு குழுவின் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை முகாம் தலைவரிடமும் இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு முதல் மூட்டை மல்லியை வாங்கப் போகலாம்.